இழுவை வண்டிக்கு எந்த டிஃபரன்ஷியல்?

பின் ஆக்சிலின் நடுவில் கிரவுன் பினியனோடு சேர்ந்திருக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரமும் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் தனித்தனி வேகத்தில் சுழல இது வழிவிடுகிறது. அதே ஏற்பாடுதான் சேற்றில் வண்டியைக் கைவிடுகிறது. சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பிடிமானம் இழந்தால் அதைச் சுற்றச் சொற்ப விசையே போதும். கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அந்தச் சொற்பம்தான் கிடைக்கும். தண்ணீர் பாய்ந்த ஆனைமலைத் தென்னந்தோப்பில் காய் ஏற்றிய டிரெய்லரோடு நிற்கும் வண்டியின் ஒற்றைச் சக்கரம் மட்டும் சுற்றிக் குழி பறிப்பது இதனால்தான். எஞ்சினுக்குத் தெம்பு போதவில்லை என்று ஆக்சிலரேட்டரை அழுத்தினால் குழிதான் ஆழமாகும்.

இந்தக் குறைக்கு இரண்டு வகைத் தீர்வுகள் உண்டு. ஒன்று லிமிடெட் ஸ்லிப். இதில் கிளட்ச் தட்டு வைத்தது ஒரு ரகம். தட்டுகளின் உராய்வு, சுற்றும் சக்கரத்தை ஓரளவு பிடித்து நிறுத்தி மறுபக்கத்துக்கு விசையைத் திருப்பும். தட்டுகள் தேயக்கூடியவை. இதற்கென்று சொல்லப்பட்ட ஹவுசிங் ஆயிலை விட்டுவிட்டுக் கிடைத்த ஆயிலை ஊற்றினால் வளைவுகளில் கடகடத்து, சீக்கிரமே தேய்ந்தும் போகும். மற்றொரு ரகம் சாய்பல் கியர்களால் ஆனது. தேய்மானம் குறைவு, ஓட்டுபவருக்கு இருப்பதே தெரியாது. ஆனால் அது பெருக்கல் கணக்கில் வேலை செய்கிறது: பிடிமானம் குறைந்த சக்கரம் தாங்கும் விசையைப் போல, உதாரணமாக, 3 மடங்கு வரை மறு சக்கரத்துக்குத் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது தாங்கும் விசை பூஜ்யம். பூஜ்யத்தின் 3 மடங்கும் பூஜ்யம்தான். அப்போது பிரேக்கை லேசாக மிதித்துப் பிடித்து, சக்கரத்துக்குப் பொய்யாக ஒரு பாரம் கொடுத்தால் வண்டி நகர வாய்ப்புண்டு.

இன்னொன்று லாக்கர், பேச்சு வழக்கில் டிஃப் லாக். இது இரு பக்க ஆக்சில்களையும் ஒரே தண்டுபோல இணைத்துவிடும்; பிடிமானம் உள்ள சக்கரத்துக்கே முழு விசையும் போகலாம். டிராக்டரில் காலருகே இருக்கும் லாக் பெடல் இந்த வகைதான். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு ஆக்சில்களுக்கும் லாக் உண்டு. 2022இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் பின் ஆக்சில் லாக்கை சுவிட்ச் போட்டு இயக்கலாம். டிப்பர் லாரிகளில் இரு பின் ஆக்சில்களுக்கு இடையே ஒரு லாக், சக்கரங்களுக்கு இடையே ஒரு லாக் என்று தனித்தனியாக வரும். 2021இல் வந்த மஹிந்திரா பொலேரோ நியோவின் ஒரு மாடலில் தானாகவே பூட்டிக்கொள்ளும் ரகம் இருக்கிறது; இரு சக்கரங்களின் வேகம் ரொம்பவும் வேறுபட்டால் பூட்டும், வண்டி வேகம் எடுத்தால் விலகும்.

கொங்குப் பகுதியில் தேர்வை முடிவு செய்வது தரையும் பருவமும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசல் மண் வடகிழக்குப் பருவமழையில் டயரின் பள்ளங்களில் அப்பி, டயரை வழுவழுப்பாக்கிவிடும். கோபி வட்டார நெல்வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் புதைவது சாதாரணம். கரும்புக் காட்டிலிருந்து சத்தியமங்கலம், ஆப்பக்கூடல் ஆலைகளுக்கு டிரெய்லர் இழுக்கும் டிராக்டருக்கு, தேவைப்படும்போது மட்டும் போட்டு எடுக்கும் லாக் போதும். சேற்றில் சில அடி நகர்த்துவதற்குத்தான் அதன் வேலை. அவிநாசி சாலையிலும் சேலம் நெடுஞ்சாலையிலும் நாள் முழுக்க ஓடி, எப்போதாவது மண் சாலையில் இறங்கும் பிக்கப்புக்கு லிமிடெட் ஸ்லிப் பொருத்தம். பழுதான வண்டிகளை இழுத்து வரும் ரிக்கவரி வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்குவதே இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம். அந்தக் காசை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் போடுவது புத்திசாலித்தனம்.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் 27. மழை நாளில் பாரத்தோடு இந்த வளைவுகளில் ஏறும் வண்டிக்கு, ஓட்டுநரின் சம்மதம் கேட்காமல் பூட்டிக்கொள்ளும் லாக்கர் ஆபத்தானது. ஓப்பன் டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது பக்கவாட்டில் பிடித்து நிற்கும். பூட்டிய ஆக்சிலில் இரண்டும் சேர்ந்தே வழுக்கலாம். வண்டியின் பின்பாகம் ஒதுங்கும்போது டிரெய்லரும் சேர்ந்து தள்ளினால், வண்டியும் டிரெய்லரும் மடங்கி நிற்கும். காய்ந்த சாலையில் லாக்கைப் போட்டபடி திருப்பினால் முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. டயர் தேயும், ஆக்சில் தண்டு முறியும். சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது லாக் பெடலை மிதிப்பது பற்களையே உடைக்கும். கிளட்ச்சை மிதித்து, சுற்றல் நின்றபின் போட வேண்டும்.

உயிருக்கே உலை வைப்பது வேறொன்று. புதைந்த வண்டியை டிராக்டரால் இழுக்கும்போது செயினைப் பின் ஆக்சிலுக்கு மேலே கட்டி, லாக்கும் போட்டு இழுத்தால், சக்கரம் நகராமல் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி அப்படியே பின்னால் மல்லாந்துவிடும். கிளட்ச்சை மிதிக்கக்கூட அவகாசம் இருக்காது. செயினை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கட்டையில் மட்டுமே மாட்ட வேண்டும்.

லாக் போட்டால் கூடுதல் டன் இழுக்கலாம் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. லாக் தருவது பிடிமானம் மட்டுமே; சேஸிஸ், பிரேக், கிளட்ச் ஆகியவற்றின் தாங்குதிறன் ஒரு கிலோகூட ஏறாது. அனுமதித்த எடையை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

வெளியே மாற்றிப் பொருத்துவதில் சட்டச் சிக்கலும் உண்டு. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு. மீறும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஹவுசிங்குக்குள் போடும் லாக்கர் ஆர்.சி.யில் தெரியாது என்பது உண்மைதான். வேறு மாடலின் ஆக்சிலையே தூக்கி மாட்டி, டயர் அளவையும் பாரத்தையும் கூட்டுவது அப்படியல்ல. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியரை வெல்டிங் வைத்து நிரந்தரமாகப் பூட்டும் பட்டறை வேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: வாரண்டி போகும், விபத்தில் வண்டிச் சேத இழப்பீடு கேட்டால் சர்வேயர் அதைத்தான் முதலில் எழுதுவார். எந்த மாற்றத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. டிரெய்லரும் சட்டப்படி மோட்டார் வாகனமே. அதற்குத் தனிப் பதிவும் காப்பீடும் வேண்டும். விவசாய டிராக்டரில் செங்கல், மணல் வாடகைக்கு ஏற்றிப் போய் விபத்தானால் இழப்பீடு மறுக்கப்படுவது அபூர்வமல்ல.

பொருத்திய டிஃபரன்ஷியல் உடைந்தால் என்ன வழி? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வண்டி தொழிலுக்கு ஓடுவதால் உரிமையாளர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். இந்தக் கேள்விக்கு 1995இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்ன வழக்கில் எதிர்த்தரப்பே கோவை நிறுவனம்தான்: லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். இயந்திரம் வாங்கிய நிறுவனம் அந்த வழக்கில் நுகர்வோராக ஏற்கப்படவில்லை. ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோவையோ லாரியையோ வாங்கியவர் நுகர்வோரே, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்று தீர்ப்பு தெளிவாக்கியது. ஒற்றை வண்டிக்காரருக்கு இது பெரிய பிடிமானம். பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டுபவர் சிவில் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டியிருக்கும்.

பில் தர மறுப்பதே இச்சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. எனவே பில்லில் பொருளின் பெயரும் எண்ணும், ஜாப் கார்டில் செய்த வேலையும், எவ்வளவு இழுக்கும் என்று விற்பவர் சொன்ன வாக்குறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். எச்சரிக்கையோ பயன்பாட்டுக் குறிப்போ போதிய அளவு தராததற்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும்; பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலும் திருத்தியிருந்தாலும் விற்றவருக்கு அது தற்காப்பாகிவிடும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால், குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு. கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமில்லை. பொருள் புனேயில் தயாரானாலும் சென்னையில் வாங்கியதானாலும் மனுதாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். 2025 முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் இணைய வழியாகவும் தாக்கல் செய்யலாம். குறையைப் பரிசோதனையால்தான் கண்டறிய முடியும் என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆகவே உடைந்த கியரை எடைக்குப் போட்டுவிடாமல், வடித்த ஆயிலில் கொஞ்சத்தையும் சேர்த்து, பிரித்தபோது எடுத்த படங்களோடு பத்திரப்படுத்துவது அவசியம்.