முதல் தூறலும் இருசக்கர வாகனமும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழையில்தான் சென்னை தன் ஆண்டு மழையின் பெரும்பகுதியைப் பெறுகிறது என்பதால், அந்நகரின் இருசக்கர வாகன ஓட்டிகள் ஈரச் சாலையோடு போராடும் நாள்கள் பெரும்பாலும் இம்மூன்று மாதங்களிலேயே அமைகின்றன. கொட்டித் தீர்க்கும் மழையைக் கண்டு மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கும் ஓட்டிகளே, லேசான தூறலைப் பொருட்படுத்தாமல் வழக்கமான வேகத்தில் விரைவதைக் காணலாம்; பிடிமானத்தை மட்டும் கணக்கிட்டால், அவர்கள் அஞ்ச வேண்டியது அந்தத் தூறலுக்குத்தான்.

வெயில் நாள்களில் வண்டிகளிலிருந்து சொட்டும் எண்ணெயும் டீசலும், தேய்ந்த டயர்களின் ரப்பர்த் துகளும், புழுதியும் தார்ப்பரப்பின் நுண்ணிய பள்ளங்களில் படிந்து கிடக்கின்றன. பல நாள் இடைவெளிக்குப் பின் விழும் தூறல், இந்த அழுக்கை அடித்துச் செல்லும் அளவுக்கு வலுவில்லாமல், அதை மேலே கிளப்பி வழவழப்பான படலமாக்கி விடுகிறது; மழை வலுத்துச் சற்று நேரம் பெய்த பிறகே அது ஓரத்துக்குக் கழுவப்படுகிறது. பேருந்து நிறுத்தங்களிலும் சிக்னல்களிலும் வண்டிகள் நின்று நின்று செல்வதால் அங்கே இப்படலம் தடித்திருக்கும். வானவில் நிறம் காட்டும் திட்டுகள் அதன் அடையாளம்.

ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ உள்ளங்கை அளவே. அந்தப் பிடியின் வலுவைக் குறிக்கும் எண்ணான உராய்வுக் குணகத்தைக் காய்ந்த சாலையில் 0.7 என்றும் நனைந்த சாலையில் 0.4 என்றும் கொண்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் பைக் பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு முன்னதில் சுமார் 20 மீட்டரும் பின்னதில் சுமார் 35 மீட்டரும் தேவைப்படும். கண் கண்டு கை இயங்கும் ஒரு நொடியில் கடந்துவிடும் 17 மீட்டர் இதில் சேரவில்லை. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகத்தை 40 கி.மீ. ஆகக் குறைத்தால் அதே ஈரச் சாலையில் 16 மீட்டர் போதும்.

மழையில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று பரவலாக நிலவும் நம்பிக்கை பாதி உண்மையே. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், லேசாகிப்போன பின்சக்கரம் எளிதில் சுழற்சி நின்று வழுக்குகிறது. எனவே ஆக்சிலரேட்டரை முதலில் விட்டுவிட்டு, வண்டி நேராக இருக்கும்போதே இரு பிரேக்குகளையும் மெல்ல மெல்ல அழுத்துவதே சரியான முறை. வளைவில் சாய்ந்திருக்கும்போது பிடியின் ஒரு பகுதி திரும்புவதிலேயே செலவாகிவிடுவதால், பிரேக்குக்கு மிஞ்சுவது சொற்பம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு, இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குக் கட்டாயமானது. அதற்குக் குறைந்தவற்றுக்கு இரு பிரேக்குகளையும் சேர்த்து இயக்கும் சிபிஎஸ் போதும் என விதிக்கப்பட்டது. சிபிஎஸ் பிரேக் விசையைப் பங்கிடுமே தவிர, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. டிரம் பிரேக்கினுள் நீர் புகுந்தால், சற்றுத் தூரம் லேசாக அழுத்தியபடி ஓட்டி அதை உலர்த்திய பிறகே நம்ப முடியும்.

மேற்பரப்பின் பள்ளங்கள் தேய்ந்த டயர் நீரை விலக்க வழியின்றி அதன்மேலேயே ஏறுகிறது. பாதாளச் சாக்கடை மூடி, மேம்பாலத்தின் இரும்பு இணைப்பு, வண்ணம் பூசிய பாதசாரிக் கோடு ஆகியவை நனைந்தால் தாரைவிட வழுக்கக்கூடியவை. அவற்றின் மேல் பிரேக்கோ சாய்வோ இன்றி நேராகக் கடக்க வேண்டும். பின்னால் அமர்ந்திருப்பவர் குடை பிடிப்பதோ, காற்று அதைப் பாய்மரமாக்கி வண்டியையே இழுக்கும் என்பதால், நனைவதைவிடப் பன்மடங்கு மோசமானது.

தேங்கிய நீர் வேறொரு சிக்கல். சென்னையின் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற தாழ்வான இடங்களில் நீரின் ஆழமும் அடியிலுள்ள பள்ளமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்று வடிகட்டி வழியாக நீர் சிலிண்டருக்குள் புகுந்தால், நீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டனோடு இணைந்த தண்டு வளையவும் கூடும். எனவே நீருக்குள் நின்றுபோன வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் சேர்க்க வேண்டும்.