சாரம் கட்டிக் கற்பித்தல்

கட்டடம் எழும்பும்போது கொத்தனார் ஏறி நிற்பதற்குச் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுவர். பூச்சு முடிந்ததும் அவிழ்த்துவிடுவர். இவ்வுவமையைக் கற்பித்தலுக்குப் பொருத்தி 1976இல் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். தனித்துச் செய்ய இயலாததைத் துணையுடன் செய்ய இயலும் எல்லையைப் பற்றி உருசிய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி (1896-1934) முன்னரே சிந்தித்திருந்தார். எனினும் 'சாரம்' என்னும் சொல் அவருடையதன்று.

சொல் புதிது, வழக்கம் பழையது. மக்தபில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு ஓதிக்கொடுப்பதையும், ஹிஃப்ழு மாணவர் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒருவர் ஓத மற்றவர் திருத்துவதையும் நம் பெரியோர் அறிவர். திண்ணைப் பள்ளிக்கோ சட்டாம்பிள்ளை இருந்தார். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்க்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அம்முறைக்கு இணங்காமையால், ஜான் ஃபிரிஸ்கன் என்னும் சுமார் 8 வயதுச் சிறுவனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் இலண்டனில் வெளியான அவருடைய அறிக்கையின்பின் 'மதராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது. அங்கு அது, ஓராசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை மலிவாக மனப்பாடம் செய்விக்கும் இயந்திரமாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் யாப்பிலக்கண வகுப்பை எண்ணிப் பாருங்கள். முதலாண்டு மாணவர் 'மாணவன்' என்பதை மா/ண/வன் எனப் பிரித்து மூன்றும் நேரசை என்பார். 'தவறு' என்று ஆசிரியர் கடிந்தால் தலைகுனிவார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்தவராயின், அவ்வாண்டு முழுதும் வாய் திறவாமலும் போகலாம். அத்தகையோர் சிலர் இடையிலேயே நின்றுவிடுவதும் உண்டு. 'மா/ணவன், கூவிளம்' என்று விடையைக் கூறிவிட்டாலோ, எழுதிக்கொள்வார், அறியார்.

சென்ற ஆண்டு இதே பிழையைச் செய்த இரண்டாமாண்டு மாணவர் அருகில் அமர்ந்து, "தம்பி, ண குறில்தானே? அடுத்து வருவது என்ன?" என்று மட்டும் கேட்கட்டும். "அதுவும் குறில், அண்ணே. அப்படியானால் இரண்டும் சேர்ந்து நிரை!" என்று அவரே கண்டுகொள்வார். ஆசிரியர் மறந்துபோன தடுமாற்றம் அண்மையில் கற்றவர்க்கு நினைவில் இருக்கும்.

ஒன்று கட்டாயம்: எழுதுகோல் கற்பவர் கையிலேயே இருத்தல் வேண்டும். முதல் வாரம் குறில், நெடில் குறித்த சீட்டுடன் அலகிடட்டும். அடுத்த வாரம் சீட்டில்லை, துணைவர் உண்டு. மூன்றாம் வாரம் துணைவர் பின்வரிசைக்குச் சென்றுவிட, அவர் தனியே கரும்பலகைக்குச் செல்வார்.