ஐந்து மீன் மட்டும்

அமெரிக்காவில் தூண்டில் போடுவது ஒரு தொழில்முறை விளையாட்டு. பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டிகளையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். உச்சப் போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக்கில் வெல்பவருக்கு 3,00,000 டாலர் பரிசு. இதைக் கேள்விப்படும் எவருக்கும் ஒரு சந்தேகம் எழும்: மீன் கடிப்பதும் கடிக்காததும் அதிர்ஷ்டம்தானே, இதில் போட்டி எங்கே இருக்கிறது? போட்டி இருப்பது விதிகளில். மீனைச் சுலபமாகப் பிடிக்கும் வழிகளைப் போட்டியாளர்கள் தாங்களாகவே அடைத்துக்கொண்டதால்தான் இது விளையாட்டானது. அந்தத் தடைகள் தளர்ந்தால் விளையாட்டும் தளரும். இப்போது அங்கே, நீருக்கடியில் இருக்கும் மீனைத் திரையில் காட்டும் சோனார் கருவியைச் சுற்றி நடக்கும் சண்டையையும் இந்தக் கணக்கில் வைத்தே பார்க்க வேண்டும்.

அலபாமா மாநிலத்து மாண்ட்கமரியில் காப்பீடு விற்றுக்கொண்டிருந்த ரே ஸ்காட், 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் முதல் பெரிய போட்டியை நடத்தினார். தலைக்கு 100 டாலர் கட்டி 106 பேர் வந்தார்கள். மீன்பிடிப் போட்டிகள் என்றாலே ஏமாற்று வேலை என்று பேர் வாங்கியிருந்த காலம் அது. கண்டிப்பான விதிகள் இருந்தால் மக்கள் நம்புவார்கள் என்று ஸ்காட் கணக்குப் போட்டார், அது பலித்தது. அடுத்த ஆண்டே பாஸ் தூண்டில்காரர்களுக்கென ஓர் அமைப்பை அவர் தொடங்கினார். 1971இல் நெவாடாவின் மீட் ஏரியில் முதல் கிளாசிக் நடந்தது. அந்த அமைப்பு நடத்தும் பாஸ்மாஸ்டர் போட்டிகளின் இன்றைய விதிகளைப் பாருங்கள். உயிருள்ள இரை கூடாது, செயற்கை இரை மட்டுமே. ஒரு நேரத்தில் ஒரு தூண்டில்தான் நீரில் இருக்கலாம். நாள் முழுக்க எத்தனை மீன் பிடித்தாலும் எடைக்கு வைப்பது ஐந்து மட்டும். குறித்த நேரத்துக்குக் கரை சேராவிட்டால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், எடையில் கழியும். 15 நிமிடம் தாண்டினால் அன்றைய மீன் மொத்தமும் கணக்கில் சேராது. ஐந்து என்ற எல்லை எளிமையாகத் தெரியலாம். போட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஐந்து சிறிய மீன் கிடைத்த பிறகு, அதே இடத்தில் நிற்பதா, பெரிய மீனைத் தேடி 30 கிலோமீட்டர் ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஓடும் நேரம் முழுவதும் தூண்டில் நீருக்கு வெளியே இருக்கும்.

அந்த முடிவு குருட்டாம்போக்கானது அல்ல என்பதற்கு வெற்றிப் பட்டியலே சாட்சி. கெவின் வான்டாம் 2001, 2005, 2010, 2011 என நான்கு முறை கிளாசிக்கை வென்றார். 2005இல் பிட்ஸ்பர்க் ஆறுகளில் மீன் மிகவும் அரிதாக இருந்தது. மூன்று நாளில் அவர் சேர்த்தது ஆறு கிலோவுக்கும் குறைவு, இரண்டாமவரைவிட 170 கிராம்தான் கூடுதல். 2011இல் லூசியானா கழிமுகத்தில் மீன் கொழித்தபோது ஏறக்குறைய 31.6 கிலோ பிடித்து வென்றார். பஞ்சத்திலும் செழிப்பிலும் ஒரே ஆள் முந்துகிறார் என்றால் அதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. உடல்வலு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது: ரிக் கிளன் 2019இல் ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் நடந்த ஒரு பாஸ்மாஸ்டர் போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 72. தண்ணீரைப் படிப்பதுதான் இவர்களின் கலை. வசந்தத்தில் நீர் சூடேறும்போது பாஸ் கரையோர ஆழமற்ற நீருக்கு வந்து முட்டையிடும். ஆண் மீன் காவல் காக்கும். கோடையில் பல மீன்கள் ஆழத்துக்கோ நிழலுக்கோ போய்விடும். டென்னசி ஆற்றுத் தேக்கங்களில் மின்சாரத்துக்காக மதகு திறந்து நீரோட்டம் கிளம்பியதும், அதுவரை அசையாமல் கிடந்த மீன்கள் இரை தேடத் தொடங்கும். எந்த மணிக்கு எந்த மேட்டில் நிற்க வேண்டும் என்பது அனுபவத்தால் மட்டுமே கைவரும் அறிவு.

பரிசுக்காக மீனை வதைக்கலாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. இதற்கும் இந்த விளையாட்டு ஒரு தடையால்தான் பதில் சொன்னது. 1972இல் ஸ்காட், பிடித்த மீனைக் கொல்லாமல் திரும்ப விடும் வழக்கத்தைப் போட்டிக்குள் கொண்டுவந்தார். படகில் காற்றோட்டமுள்ள நீர்த்தொட்டி வந்தது. செத்த மீனைக் கொண்டுவந்தால் எடை குறைக்கப்பட்டது. பாஸ்மாஸ்டர் போட்டிகளில் ஒரு செத்த மீனுக்குச் சுமார் 113 கிராம் கழியும். 170 கிராமில் பட்டம் கைமாறும் போட்டியில் இது பெரிய தண்டனை. ஆனாலும் இது போதுமென்று நான் சொல்ல மாட்டேன். வெயில் காலத்தில் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. விடப்பட்ட மீன்களில் சில பிறகு சாகின்றன. பிடித்த இடத்திலிருந்து வெகுதூரத்தில் விடப்படுபவை எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்புவதும் இல்லை. மேஜர் லீக் ஃபிஷிங் என்னும் இன்னொரு போட்டி அமைப்பு, மீனைப் படகிலேயே எடை போட்டு உடனே விடும் முறையை நடத்திக் காட்டியிருக்கிறது. மற்றவர்களும் அதைப் பின்பற்றத் தடையாக இருப்பது, மேடையில் மீனைத் தூக்கிக் காட்டும் ஆசை ஒன்றே.

இனி சோனார். முன்னோக்கிப் பார்க்கும் நேரடி சோனார், படகுக்கு முன்னே நீருக்கடியில் இருக்கும் மீனையும், அதை நெருங்கும் இரையையும் திரையில் அசையும் படமாகவே காட்டுகிறது. கார்மின் நிறுவனம் 2018இல் லைவ்ஸ்கோப் கருவியைக் கொண்டுவந்தபின் போட்டியின் முகம் மாறியது. ஆதரிப்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு: ஆழம் காட்டும் கருவிகள் பல பத்தாண்டுகளாகவே படகில் இருக்கின்றன, திரையைப் படிப்பதும் ஒரு திறமைதான், திரையில் தெரியும் மீன் எல்லாம் கடித்துவிடுவதும் இல்லை. ஆனால் பழைய கருவி, மீன் இருக்கக்கூடிய இடத்தைத்தான் ஊகிக்க உதவியது. புதியது மீனையே காட்டுகிறது. பருவம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றை வைத்து மீனின் இருப்பிடத்தைக் கண்டறியும் அறிவுக்குத்தான் இத்தனை காலம் பரிசு கிடைத்தது. திரை அந்த அறிவின் பெரும்பகுதியைத் தேவையற்றதாக்குகிறது. செலவும் சேர்கிறது. ஏற்கெனவே படகுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் பல்லாயிரம் டாலர் போட்டுத் திணறும் இளைஞர்களுக்கு இது இன்னொரு சுமை. உயிருள்ள இரையை விலக்கிய அதே நியாயம் இதற்கும் பொருந்தும்.

போட்டி அமைப்புகளுக்கும் இது மெல்லப் புரிகிறது. மேஜர் லீக் ஃபிஷிங் தன் முதன்மைத் தொடரில் 2025 முதல் நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே இந்தக் கருவியை அனுமதித்தது. பாஸ்மாஸ்டர் 2026 பருவத்தில் சில போட்டிகளுக்கு அதை முழுவதுமாக விலக்கியது. பாதித் தடை நல்ல தொடக்கம்தான். ஆனால் வெல்பவரை உலகமே பார்க்கும் பட்டப் போட்டிகளில் இந்தக் கருவிக்கு இடமே இருக்கக் கூடாது. அமைப்புகள் அதை அங்கே முற்றாக விலக்க வேண்டும்.