பழைய இராட்டினங்களும் ஜனங்களின் அபிப்பிராயமும்

இராட்டினம் என்றதும் நமது நேயர்களிற் பலருக்கு நூல் நூற்கும் கைராட்டினமே ஞாபகத்திற்கு வரும். இன்று நாம் எழுதப் புகுந்தது அதைப் பற்றியன்று. திருவிழாக் கூட்டத்தின் நடுவே மரத்தால் நிறுத்தப்பட்டு, இரண்டு ஆட்கள் கையால் தள்ளிச் சுழற்ற, குழந்தைகள் வீரிட்டுச் சிரிக்கும் தொட்டில் இராட்டினத்தையும், அதன் பேரப்பிள்ளைகளாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகத் தோன்றியிருக்கும் இயந்திர இராட்டினங்களையும் பற்றியே எழுதுகிறோம். இந்தப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஜனங்கள் எதற்காகக் கண்ணீர் விடுகிறார்கள் என்பதைப் போலவே, எதிலே களிக்கிறார்கள் என்பதும் பொது விஷயந்தான் என்பது நமது கட்சி. அந்தக் களிப்பை யார், எப்பொழுது, யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள் என்பது அதைவிடவும் பொது விஷயம்.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் கடற்கரை, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் முதல் மாமல்லபுரத்திற்கு அப்பாலும் நீண்டு கிடந்தது. 1997-ம் வருஷத்தில் அந்த ஜில்லா இரண்டாகப் பிரிந்து பெயரும் மறைந்தது. 2019-ல் செங்கற்பட்டு என்ற பெயர் ஒரு ஜில்லாவுக்கு மீண்டும் கிடைத்தது. எல்லைகள் மாறினாலும் கடல் மாறவில்லை. கடலைப் பார்க்க வரும் கூட்டமும் மாறவில்லை. அந்தக் கூட்டத்தை நம்பியே ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. குடும்பத்தாரின் கடற்கரைப் பூங்கா எழுந்தது. தாம்பரத்திற்கருகே 1995-ல், இந்தியாவின் முதல் முப்பரிமாணச் சினிமாப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், கிஷ்கிந்தா என்ற பெயரில் நீர் விளையாட்டுகளும் இராட்டினங்களும் அமைத்தார். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். பூங்கா வந்தது. கடைசியாக 2025 டிசம்பரில், திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா கம்பெனி தனது புதிய பூங்காவைத் திறந்தது. அங்கே, தண்டவாளம் தலைக்கு மேலிருக்க, கால்கள் அந்தரத்தில் தொங்க ஜனங்களைச் சுழற்றியெறியும் வாகனத்திற்குத் தஞ்சையை நினைவூட்டும் ‘தஞ்சோரா’ என்ற பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பெயர் சோழ நாட்டினது, இரும்பு ஸ்விட்சர்லாந்தினது. அது கிடக்கட்டும்.

இப்பொழுது நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கூடிப் பேசும் இடங்களிற் காது கொடுத்துக் கேட்டால் ஒரு விநோதம் தெரியும். பள்ளிக்கூடத்தார் வருஷத்துக்கொருமுறை பஸ் அமர்த்தி அழைத்துப்போன அந்தப் பழைய பூங்காக்களைப் பற்றியே அவர்கள் உருகிப் பேசுகிறார்கள். செயற்கை அலை வரும்போது அடித்த மணியின் ஓசை, ஈர உடையோடு தின்ற புளிச்சோறு, உச்சியில் நின்ற இராட்டினத்திலிருந்து முதன்முதல் கண்ட கடல் இவையெல்லாம் அவர்களுக்குச் சொத்து. தம் மக்களை அழைத்துக்கொண்டு மீண்டும் போய், பழைய இராட்டினம் இருந்த இடத்தில் வேறொன்று நிற்பதைக் கண்டால் ஏமாற்றப்பட்டவர்கள் போல் திரும்புகிறார்கள். மக்களோ, ‘இது போதாது, இன்னும் வேகம் வேண்டும்’ என்கிறார்கள். முதலாளி யார் பேச்சைக் கேட்பான்? டிக்கெட் வாங்குகிறவன் பேச்சைக் கேட்பான். ஞாபகத்திற்கு டிக்கெட் இல்லை.

இந்தச் சச்சரவு நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் டிஸ்னி கம்பெனியாரின் பூங்காக்களில் 1989 முதல் ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ என்றொரு படகு விளையாட்டு இருந்தது. மரக்கட்டை வடிவிலான படகில் ஜனங்கள் மெல்ல ஏறிச் சென்று, சுமார் ஐம்பதடி உயரத்திலிருந்து தண்ணீரில் விழுவார்கள். வழியில் ஆடிப்பாடும் பொம்மைகள் 1946-ல் அதே கம்பெனி எடுத்த ஒரு சினிமாப் படத்தினின்றும் எடுக்கப்பட்டவை. கறுப்பு மக்கள் வெள்ளையரின் பண்ணைகளில் உழன்ற வாழ்க்கையை இன்ப வாழ்க்கைபோற் காட்டிய படம் அது. கம்பெனியாரே வெட்கி அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டனர். 2020-ம் வருஷத்தில் பொம்மைகளை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். மாற்றவேண்டுமென்று ஒரு மனு. மாற்றக்கூடாதென்று மற்றொரு மனு. 2023 ஜனவரியில் பிளாரிடாப் பூங்காவில் அது மூடப்பட்டபொழுது, அந்த வாய்க்கால் தண்ணீரையே குப்பியில் அடைத்து விலைக்கு விட்டவர்களும் உண்டு! கங்கைச் செம்பைப் பூஜையறையில் வைத்திருக்கும் நாம் இதைக் கண்டு சிரிப்பதற்கில்லை. 2024-ல் அதே வாய்க்காலில், அதே விழுச்சியோடு, அந்தக் கம்பெனியின் சினிமாக்களில் முதன்முதல் வந்த கறுப்பு இளவரசியாகிய டியானாவின் கதை அமைக்கப்பட்டது. வயிற்றைக் கலக்கும் சுகம் போகவில்லை. பொம்மைகளின் வேஷம் மட்டுமே மாறிற்று. எனினும் இன்றளவும் பழையதே மேலென்பார் பலர். ஜப்பானில் டோக்கியோப் பூங்காவிலோ பழைய விளையாட்டு அப்படியே நீடித்தது.

அதே கம்பெனியின் வேறொரு விளையாட்டைப் பற்றி நமக்கு அதிக அக்கறை உண்டு. 1955 முதல் நடந்துவரும் ‘காட்டுப் பிரயாணம்’ என்ற படகுச் சவாரியில், ஆற்றங்கரையில் ஈட்டியேந்திய காட்டுவாசிகளும், மனிதத் தலைகளை விற்கும் ஒரு கிழவனும் பொம்மைகளாக நின்றார்கள். படகில் வரும் நாகரிக மனிதன் அவர்களைக் கண்டு சிரிக்கவேண்டும், அதற்குத்தான் காசு. 2021-ல் அந்த உருவங்களை அகற்றினார்கள். அப்பொழுதும், ‘எங்கள் இளமைக் காலத்தைக் கெடுக்காதீர்கள்’ என்ற கூக்குரல் எழுந்தது.

இந்தக் கூக்குரலுக்கு நாம் மாமல்லபுரத்துக் கடற்கரையினின்று பதில் சொல்வோம். ஒவ்வொரு மாசி மகத்தன்றும் இருளர் குடும்பங்கள் வட தமிழ்நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அந்த மணலில் வந்து கூடாரமிட்டுத் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, விடியற்காலையில் தம் பிள்ளைகளுக்குக் கலியாணமும் முடிக்கிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள வடநெம்மேலியில், 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்தினாலேயே, நாட்டில் பாம்புக்கடிக்கு மருந்து செய்ய வழி ஏற்படுகிறது. அந்த ஜாதியாரில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. நாளைக்கு எவனோ ஒரு முதலாளி தன் பூங்காவில் இருளரைப் போற் பொம்மை செய்து, பாம்பைக் கையிற் கொடுத்து, பார்ப்பவர் சிரிக்கும்படி ஆட்டுவித்தால், முப்பது வருஷம் கழித்து அதை அகற்றும்போது, ‘பழைய பொம்மை, பாசமான பொம்மை’ என்று நாம் வாதாடலாமா? அந்தப் படகில் ஏறியவனுக்கு இளமை உண்டென்றால், கரையில் பொம்மையாக நிறுத்தப்பட்டவனுடைய பிள்ளைக்கும் இளமை உண்டு. இவ்விஷயத்தில் மாற்றமே நியாயம்.

ஆயினும், மாற்றமெல்லாம் நியாயமென்று இதனால் ஏற்படாது. 1998-ல் பிளாரிடாப் பூங்காவினர் ‘தேரையாரின் சவாரி’ என்னும் பழைய விளையாட்டை மூடியபொழுது அது யாரையும் இழிவுபடுத்தியதாகக் குற்றச்சாட்டே கிடையாது. அதிகமாக விலைபோகும் வேறொரு பொம்மைக்கு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ரஸிகர்கள் கூட்டமாக வந்து நின்று ஆட்சேபித்தும் பயனில்லை. நியூயார்க்கின் கோனி தீவில் நடந்ததோ வேறு. 1927-ல் கட்டப்பட்ட ‘சைக்ளோன்’ என்ற மரத்தண்டவாள வாகனத்தை இடித்து, மீன் காட்சிசாலையைப் பெருக்க எண்ணினார்கள். ஜனங்கள் விடவில்லை. 1988-ல் நகராட்சியார் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவே பிரகடனம் செய்தனர். கோயிலும் கோட்டையுமே சின்னமாகும் என்று எண்ணியிருந்தோம். கூலிக்காரனும் குமாஸ்தாவும் ஞாயிற்றுக்கிழமை ஏறிக் கூவிய மரச்சட்டமும் சின்னமாகலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

பழமையின்மேல் பாசம் கொண்டவர்கள் ஒன்றை மறக்கலாகாது. மரமும் இரும்பும் உப்புக்காற்றில் மூப்படையும். 2025 மே மாதத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் ஓர் இராட்டினம் பழுதாகி அந்தரத்தில் நின்றுவிட, குழந்தைகள் உட்பட முப்பதுக்கு மேற்பட்டவர்கள் நெடுநேரம் மேலேயே தவித்து, தீயணைப்புப் படையினரின் ஏணியால் இறக்கப்பட்டனர். உயிருக்கு உத்தரவாதமில்லாத இராட்டினத்தை ஞாபகார்த்தமாக ஓட்டச் சொல்வது முட்டாள்தனம். ஆனால் பழுதென்பது உண்மையா, சாக்கா என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? எந்த இராட்டினம் எந்தத் தேதியில் யாரால் பரிசோதிக்கப்பட்டது என்று வாயிற்படியிலே தமிழில் எழுதி வைத்தால் தெரியும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அத்தாட்சிப் பத்திரம் கேட்கும் நாட்டில் இது பெரிய கோரிக்கையன்று.

வி.ஜி.பி. பூங்காவின் ‘சிலை மனிதனை’ அறியாதவர் சென்னையில் இரார். காவற்காரன் உடையணிந்து, கண்ணிமையும் ஆடாதவர்போல் நின்ற அவரைச் சிரிக்க வைக்க எத்தனை தலைமுறைக் குழந்தைகள் முயன்றிருப்பார்கள்! அவர் இல்லாத அந்தப் பூங்காவை நினைக்கவே முடியாது என்பவர் பலர். நாமும் அவர்களில் ஒருவரே. ஆனால் அவருடைய முழங்கால் வலியைப் பற்றிக் கேட்ட ரஸிகரை நாம் இதுகாறும் சந்திக்கவில்லை.

நிற்க. முதலாளியுள்ள இராட்டினங்களைப் பற்றி இவ்வளவு பேசினோம். முதலாளியே இல்லாத ஒரு பழைய விளையாட்டு செங்கற்பட்டு ஜில்லாவில் உண்டு. மாமல்லபுரத்தில், ‘வான் இறைக் கல்’ என்றும் ‘கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து’ என்றும் வழங்கும் உருண்டைப் பாறை, வழுக்குச் சரிவில் சுமார் இருபதடி உயரத்திற்கு நின்றுகொண்டிருக்கிறது. அதன் எடை 250 டன் என்று மதிப்பிடுகிறார்கள். 1908-ல் சென்னைக் கவர்னராயிருந்த லாலி துரை, அது உருண்டு ஊர்மேல் விழுமென்றஞ்சி, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தாரென்றும், கல் இம்மியும் அசையவில்லையென்றும் சொல்வார்கள். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் உள்ளூரார் முகத்தில் ஒரு மலர்ச்சியைக் காணலாம். அந்தக் கல்லின் கீழுள்ள சரிவே ஊர்ப் பிள்ளைகளின் சறுக்குமரம். எத்தனையோ தலைமுறைகள் சறுக்கிச் சறுக்கிப் பாறையே கண்ணாடிபோலாகிவிட்டது. நாமும் அங்கே அரைக்கால் சட்டையைக் கிழித்துக்கொண்டு வீட்டில் வசவு வாங்கியதுண்டு.

2019 அக்டோபரில் பாரதப் பிரதமரும் சீன ஜனாதிபதியும் அந்தக் கல்லின் முன்பு கைகோத்து நின்று படமெடுத்துக்கொண்டார்கள். கூட்டம் பெருகிற்று. அந்த மாதமே, அதுவரை காசில்லாமற் பார்த்த இடத்திற்கு இந்தியத் தொல்லியல் துறையினர் நாற்பது ரூபாய் டிக்கெட் ஏற்படுத்தினர். துறையினர் பக்கத்திலும் நியாயமுண்டு. காவலுக்கும் துப்புரவுக்கும் பணம் வேண்டும். பதினைந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கு அவர்கள் டிக்கெட் கேட்பதுமில்லை. ஆனால் பிள்ளையை அழைத்துவரும் தாய்க்கும் தகப்பனுக்கும் எண்பது ரூபாய் என்றால், கல்லுடைத்துப் பிழைக்கும் குடும்பம் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பும். தலைக்கு ஆயிரம் ரூபாய்க்குமேல் கேட்கும் புதிய பூங்காவுக்கு அந்தக் குடும்பம் போகப் போவதில்லை. அது முதலாளியின் கடை. இந்தப் பாறை யாருடைய கடையுமன்று. உள்ளூர்ப் பஞ்சாயத்துகளில் வசிப்போருக்கேனும் வாரத்தில் ஒருநாள் கட்டணம் நீக்கினால் துறையின் கஜானா வற்றிவிடாது. இதைக் கேட்டு மனுச் செய்ய மாமல்லபுரத்து அன்பர்கள் முன்வந்தால் நாம் முதற் கையெழுத்திடத் தயார்.

பூங்கா முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய இராட்டினத்தை அகற்றுமுன் ஒரு கோடை விடுமுறைக் காலமாவது முன்னறிவிப்புக் கொடுங்கள். கடைசித் தடவை ஏற விரும்புகிறவர்கள் ஏறிவிட்டுப் போகட்டும். உங்களுக்கும் அதில் வரும்படியுண்டு.

சில நாட்களுக்கு முன் மாலையில் வெண்ணெய்ப் பந்தின் அடியில் உட்கார்ந்திருந்தோம். உச்சிக்குடுமி வெயில் தணிந்து பாறை சூடாறிக்கொண்டிருந்தது. பாட்டி ஒருத்தி தன் பேத்தியை மேலே ஏற்றிவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு, தானும் பின்னாலேயே சறுக்கிவந்து நம் காலடியில் நின்றாள். காவற்காரர் ஊதலை எடுத்தவர், பார்த்துவிட்டு, மீண்டும் சட்டைப் பையிற் போட்டுக்கொண்டார்.