உங்களுக்குத் தெரியுமா?

உலகமே கவனித்த ஒரு மருந்து வழக்கு சென்னையில்தான் தொடங்கியது!

நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை ‘கிளிவெக்’. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் விற்ற இந்த மாத்திரைக்கு அப்போது மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. தினமும் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை இது. நோயாளியின் வீட்டில் அந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

மருந்தின் ‘பீட்டா’ என்ற படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு, நோவார்ட்டிஸ் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. புற்றுநோயாளிகளுக்கான ஓர் உதவி அமைப்பும் எதிர்த்து நின்றது. 2006-இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. புதிய வடிவத்தில் மருந்துத் தூள் எளிதாகக் கொட்டும், ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும் என்றது நிறுவனம். அவை தயாரிப்பாளருக்கு வசதி. நோய் கூடுதலாகக் குணமாகிறதா என்பதே கேள்வி. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு கேட்பதும் அதைத்தான். 2013 ஏப்ரல் 1 அன்று நிறுவனத்தின் மேல்முறையீடு தள்ளுபடியானது. நியாயமான தீர்ப்பு!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: நம் நாட்டில் ஒரு மருந்துக்குக் காப்புரிமை வழங்கப்படும் முன், 25(1) பிரிவின்படி யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நீங்களும்தான்.