நமக்காகப் பரிந்து பேசுவோர்

சென்ற தவக்காலத்தில் அகரத்திலிருந்து ஒரு தாய் நம்மைக் காண வந்திருந்தார். நோயுற்ற மகனுக்காகப் புனித தேவசகாயத்திடம் நாள்தோறும் மன்றாடியவர். கோட்டாறு சவேரியார் பேராலயத்திலுள்ள அவர் கல்லறைக்கும் சென்று வந்தவர். மகனோ பிழைக்கவில்லை. “சாமி, அந்தத் தாய்க்காகப் பேசியவர் எனக்காக ஏன் பேசவில்லை?” என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை.

அவர் குறிப்பிட்ட நிகழ்ச்சியை நம் குடும்பங்கள் அறியும். கருவிலிருந்த 24 வாரக் குழந்தை உயிரற்றதென மருத்துவர் கூறியபின், தாய் தேவசகாயத்தின் பரிந்துரையை நாட, குழந்தை அசைந்தது. 2013-இல் நடந்த இதனைத் திருச்சபை நெடுநாள் ஆராய்ந்தது. மருத்துவத்தால் விளக்க முடியுமா என மருத்துவரும், யாரை நோக்கி வேண்டினார்கள் என இறையியலாரும் துருவிப் பார்த்த பின்னரே 2020-இல் திருத்தந்தை ஒப்புதல் அளித்தார். 2022 மே 15-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அப்போதும், குணமளித்தவர் இறைவன். வேண்டியவரே புனிதர் என்பதுதான் திருச்சபையின் போதனை.

இங்கேதான் நம்மவர் தடுமாறுகின்றனர். அதிகாரியைப் பார்க்க அவர் வீட்டுச் சமையற்காரரைப் பிடிப்பதுபோலப் புனிதரைப் பிடிக்கிறோம். (நேர்ச்சை உண்டியலருகே நிற்கும் சிலரைக் கண்டால், பேரம் நடக்கிறதோ என்று நமக்கே ஐயம் எழுவதுண்டு.) கடவுளுக்கும் மனிதருக்கும் இணைப்பாளர் கிறிஸ்து ஒருவரே என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். ஆயினும் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், எல்லாருக்காகவும் மன்றாடும்படி அவரே கேட்டுக்கொள்கிறார். ஒரே இணைப்பாளரின் உடலில் உறுப்புகளாய் இருப்பதால்தான் ஒருவருக்காக ஒருவர் வேண்ட முடிகிறது. சாவு அவ்வுறவை அறுப்பதில்லை.

அப்படியானால் கேட்டது ஏன் கிடைக்கவில்லை? தேவசகாயத்தின் வாழ்வையே பாருங்கள். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், 1749-இல் சிறைப்பட்டார், மூன்றாண்டு வதைக்கப்பட்டார். விடுதலைக்காக அவரும் செபித்திருப்பார், அவருக்காகப் பிறரும் செபித்திருப்பர். 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கெத்சமனியில் நம் ஆண்டவர் கேட்ட கிண்ணமும் அகலவில்லை. பிள்ளையை இழந்தவர் அருகே நிற்கத் தகுதியுள்ளவர் இத்தகையோரே என்று நாம் எண்ணுகிறோம்.

இவற்றுள் எதையும் அன்று அத்தாயிடம் நாம் கூறவில்லை. கூடவே அமர்ந்து செபமாலை சொன்னோம். சில வாரங்கள் அவர் கோயிலுக்கு வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறன்று திருப்பலிக்கு முன் வந்து, விசுவாசிகளின் மன்றாட்டில் நோயுற்ற பிள்ளைகளுக்காக வேண்டும் பகுதியைத் தமக்குத் தருமாறு கேட்டார். இப்போது அதை அவரே வாசிக்கிறார்.