ஓட்டுநர் உரிமத்துக்கு முன்பே விமானி உரிமம்

சிங்கப்பூரில் கார் ஓட்டுநர் உரிமம் பெற 18 வயது ஆகியிருக்க வேண்டும். தனியார் விமானி உரிமத்துக்கு 17 போதும். இதைச் சொன்னால் பல்கலைக்கழக நண்பர்கள் பலர் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "அப்படியென்றால் நீ எஸ்ஐஏ விமானத்தை ஓட்டலாமா?"

ஓட்ட முடியாது. 'பிபிஎல்' எனப்படும் தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர் சிறு விமானத்தில் அம்மா அப்பாவை ஏற்றிச் செல்லலாம். அதற்குச் சம்பளம் வாங்கக்கூடாது, அவ்வளவுதான். சம்பளத்துக்கு ஓட்ட வேண்டுமானால் வர்த்தக விமானி உரிமம் வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பலருக்குத் தெரிவதில்லை. கட்டுரையின் பிற்பகுதியில் பணத்தைப் பற்றிப் பேசும்போது அது முக்கியமாகும்.

இங்குள்ள மாணவர்களுக்கு இந்த வாய்ப்பு எட்டும் தூரத்தில் இருப்பதற்குக் காரணம், சிலேத்தார் விமான நிலையத்தில் இயங்கும் 'சிங்கப்பூர் யூத் ஃபிளையிங் கிளப்'. 1971ல் 'ஜூனியர் ஃபிளையிங் கிளப்' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மாதிரி விமானப் பயிற்சியும், தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு உண்மையான விமானப் பயிற்சியும் அங்கு உண்டு. அரசாங்க ஆதரவு இருப்பதால், வெளியே பயிலும் செலவோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. நானும் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டில் சேர்ந்தவள்தான். பயிற்சிக்குப் பயன்படுவது 'டைமண்ட் டிஏ40' என்ற நான்கு இருக்கை விமானம். அருகில் நின்றால் அதன் இறக்கையைத் தட்டிப் பார்க்கலாம், அத்தனை சிறியது.

தேர்வில் கண் பரிசோதனை உண்டு. கண்ணாடி அணிபவர்கள் விமானியாக முடியாது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. அது தவறு. கண்ணாடியோடு தெளிவாகப் பார்க்க முடிந்தால் போதும். நிறம் பிரித்தறியும் சோதனைதான் சிலரைத் தடுத்துவிடுகிறது.

பறப்பதற்கு முன் வகுப்பறை. வானிலை, விமானச் சட்டம், வழி கண்டறிதல், விமானத்தின் இயக்கம் எனத் தேர்வுகள் வரிசையாக வரும். இயற்பியலில் 'ஏ' வாங்கியவர்களையும் திணறவைக்கும் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் பெயர் 'ஸ்டால்'.

கார் 'ஸ்டால்' ஆனது என்றால் இயந்திரம் நின்றுவிட்டது என்று பொருள். விமானத்தில் இந்தச் சொல்லுக்கும் இயந்திரத்துக்கும் தொடர்பே இல்லை. இயந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் விமானம் 'ஸ்டால்' ஆகலாம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால் (சிறு விமானங்களில் ஏறக்குறைய 15 பாகை) இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி வழுக்கிச் சென்ற காற்று பிரிந்து சிதறிவிடும். தூக்கும் விசை சட்டென்று குறையும். விமானம் கீழே போகும்.

கீழே போகும் விமானத்தில் இருப்பவருக்கு என்ன தோன்றும்? மூக்கை மேலே தூக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் கோணம் இன்னும் கூடும், நிலைமை இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது நேர் எதிர்: விழுந்துகொண்டிருக்கும்போதே மூக்கைக் கீழே தள்ள வேண்டும். காற்று மறுபடி இறக்கையைப் பற்றிக்கொண்ட பிறகே மேலே ஏற வேண்டும். போதிய உயரத்துக்குப் போய் இதை வேண்டுமென்றே வரவழைத்து, மீண்டு, திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள். மூளைக்குப் புரிவது முதல் நாளே நடந்துவிடும். கைக்குப் புரிவதற்குத்தான் வாரக்கணக்காகும்.

இது கற்றுக்குட்டிகளின் பிரச்சினை மட்டுமன்று. 2009 ஜூன் 1ஆம் தேதி ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் பெருங்கடலில் விழுந்து 228 பேர் உயிரிழந்தனர். வேகத்தைக் காட்டும் கருவிகள் பனித்துகள்களால் சற்று நேரம் தவறிய குழப்பத்தில், விமானத்தை ஓட்டியவர் கட்டுப்பாட்டுப் பிடியைப் பெரும்பாலும் பின்னுக்கே இழுத்து வைத்திருந்தார். விமானம் 'ஸ்டால்' நிலையிலேயே கடல்வரை வந்தது.

வானொலியில் பேசும் மொழி

இரு மொழிகளில் வளர்ந்த நமக்கு மூன்றாவதாக ஒரு மொழி தேவைப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவது ஆங்கிலத்தில்தான். ஆனால் நாம் பேசும் ஆங்கிலம் அன்று. ஒன்பதை 'நைனர்' என்றும் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் சொல்ல வேண்டும், இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக. கோபுரம் தரும் முக்கியமான உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஓகே லா" எல்லாம் செல்லாது.

'டேக்-ஆஃப்' என்ற சொல்லுக்குக்கூடக் கட்டுப்பாடு உண்டு. புறப்பட அனுமதி தரும்போது மட்டுமே அதைப் பயன்படுத்துவார்கள். மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்பார்கள். 1977 மார்ச் 27ஆம் தேதி டெனரீஃப் தீவில் பனிமூட்டத்துக்கிடையே இரு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். அனுமதி கிடைத்துவிட்டதாக ஒரு விமானி நினைத்துப் புறப்பட்டதே அதற்கு முக்கியக் காரணம். இன்று நாங்கள் பேசும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் இப்படி ஏதோ ஒரு விபத்து இருக்கிறது.

சிலேத்தாரில் கவனமாகப் பேச இன்னொரு காரணமும் உண்டு. வடக்கே ஜோகூர் நீரிணை, தெற்கே பாய லேபார் விமானப் படைத்தளம், கிழக்கே சாங்கி, மேற்கே செம்பவாங். நடுவில் உள்ள கொஞ்ச வானத்தில்தான் நாங்கள் சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

வானிலை இன்னொரு தொல்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடிகாலையில் 'சுமத்ரா' புயல்காற்று வரிசை வந்து அடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. அதிகாலையில் எழுந்து, பேருந்து பிடித்து வந்து, கரும் மேகத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய சனிக்கிழமைகள் எனக்கு ஏராளம். தேர்வுக் காலத்தில் அது வலிக்கும்.

தனியாகப் பறக்கும் முதல் நாளைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். பயிற்றுவிப்பாளர் இறங்கிக் கதவை மூடிவிட்டுப் போவார். ஒருவர் எடை குறைந்ததால் விமானம் பழக்கமில்லாத வேகத்தில் மேலே ஏறும். ஒரே ஒரு சுற்று. இறங்கிய பிறகுதான் கை நடுங்கியது.

அனைத்துலக விதிப்படி இந்த உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டம் என்றால் 35. அதில் 10 மணி நேரம் தனியாக. தனிப் பயணங்களில் ஒன்று 270 கிலோமீட்டராவது நீள வேண்டும், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். நம் தீவின் நீளமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். எல்லை தாண்டாமல் விமானியாக முடியாத ஊர் நம்முடையது.

சித்தப்பாவின் கணக்கு

என் சித்தி மகனுக்கு இப்போது 18 வயது. வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் பளபளப்பான கையேடு அவன் மேசையில் இருக்கிறது. வர்த்தக விமானி உரிமத்துக்குச் சொந்தச் செலவில் பயின்றால் 100,000 வெள்ளியைச் சுலபமாகத் தாண்டும். சேமிப்பை எடுப்பதா, கடன் வாங்குவதா என்று சித்தியும் சித்தப்பாவும் யோசிக்கிறார்கள். வீட்டில் 'விமானி' நான் ஒருத்திதான் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது.

கையேட்டில் சம்பளம் இருக்கிறது. வேலைக்கு உத்தரவாதம் எங்கும் இல்லை. உரிமம் ஒரு தகுதி மட்டுமே. வேலை தருவது விமான நிறுவனம். 2020 செப்டம்பரில் எஸ்ஐஏ குழுமமே ஏறக்குறைய 4,300 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த ஆண்டில் கடன் வாங்கிப் படித்து முடித்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

"வேண்டாம்னு சொல்றியா?" என்றார் சித்தப்பா.

அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. அவன் கண்களில் இருக்கும் ஆசை எனக்குத் தெரியும். நான் சொன்னது வரிசையைப் பற்றி. முதலில், ஒரு வெள்ளிகூடக் கட்டுவதற்கு முன், வர்த்தக விமானிக்கான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. தனியார் உரிமத்துக்கான இரண்டாம் வகுப்பைவிட அது கடுமையானது. அங்கே தோற்றால் மற்ற எதற்கும் பொருளில்லை. அடுத்து, பயிற்றுவிப்பாளரோடு ஓர் அறிமுகப் பயணம். மேலே போனதும் வயிறு புரட்டுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு, விமான நிறுவனங்களே பயிற்சிச் செலவை ஏற்று, ஒப்பந்த ஆண்டுகளில் அதை ஈடுகட்டும் திட்டங்களுக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். போட்டி கடுமைதான். சொந்தப் பணத்தில் போவது கடைசி வழி. அதற்கும் முன், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இதைக் கேட்டதும் அந்தப் பள்ளியின் முகவர் பேச்சை மாற்றினார் என்று சித்தி சொன்னார்.

தம்பிக்கு மருத்துவப் பரிசோதனை அடுத்த மாதம். சித்தப்பா இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.